காதுக்குறி இல்லாத ‘ப்ளூ ட்ரெய்ன்’

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’ இசைத்தட்டின் மோனோ (ஒற்றைச் சேனல்) பிரதி ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், விற்பவர் அதை அசல் முதல் அச்சு என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுப்பிய படங்களில் லேபிளின் மீது ‘நியூயார்க், யு.எஸ்.ஏ.’ என்றும், அட்டையின் பின்புறம் ‘43 மேற்கு 61ஆம் தெரு’ என்றும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் ‘ஆர்.வி.ஜி.’ என்ற எழுத்துகள் உள்ளன. ஆனால் சேகரிப்பாளர்கள் எல்லோரும் தேடும் காதுக்குறி, அதாவது அச்சிட்ட ஆலையின் அடையாளம், இல்லை. இது முதல் அச்சுதானா, வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

முதல் அச்சு அன்று. நீங்கள் தந்த விவரங்களின்படி, அது 1966ஆம் ஆண்டிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ அச்சிடப்பட்ட தட்டு. முதல் அச்சுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஆயினும் அதை வேண்டாம் என்று உடனே ஒதுக்கிவிடவும் கூடாது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளைப் பொறுத்தவரை லேபிளில் உள்ள முகவரி ஒன்றைச் சொல்லும், தட்டின் உடலில் உள்ள குறிகள் வேறொன்றைச் சொல்லும். இரண்டும் முரண்படும்போது எதை நம்புவது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

இந்த இசை 1957 செப்டம்பர் 15ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஊரில் பதிவு செய்யப்பட்டது. கோல்ட்ரேன் அப்போது பிரஸ்டீஜ் என்ற வேறோர் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர். ப்ளூ நோட்டுக்காக அவர் தலைமையேற்றுச் செய்த தட்டு இது ஒன்றுதான். டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு வயது 19. கர்ட்டிஸ் ஃபுல்லர் டிரோம்போனிலும், கென்னி ட்ரூ பியானோவிலும், பால் சேம்பர்ஸ் பேஸிலும், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸிலும் இருந்தனர். பதிவு நடந்த இடம் பெரிய ஸ்டுடியோ அன்று. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறை. அவர் பகலில் கண்பார்வை பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் தொழிலைச் செய்துவந்தார். மீதி நேரத்தில், நவீன ஜாஸ் இசையின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதையே அந்த வரவேற்பறையில் இருந்து வகுத்துவிட்டார். 1959 ஜூலையில்தான் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் தாம் கட்டிய தனி ஸ்டுடியோவுக்கு மாறினார்.

அவர் பதிவோடு நிற்கவில்லை என்பதுதான் சேகரிப்பவர்களுக்கு முக்கியம். ஒலிநாடாவில் இருக்கும் இசை நேரடியாக வினைலுக்குப் போய்விடுவதில்லை. முதலில், சுழலும் லாக்கர் தட்டு (மென்பூச்சு இட்ட தட்டு) ஒன்றில் வெட்டுக்கருவி அந்த இசையைத் தடமாக வெட்டுகிறது. அந்த லாக்கரின் மீது உலோகம் படியவைத்து, அதிலிருந்து மறுபடி படியெடுத்து, இறுதியில் ஸ்டாம்பர் எனப்படும் உலோக அச்சுகளை உருவாக்குகிறார்கள். அந்த அச்சுகளுக்கு இடையில் சூடான வினைல் அழுத்தப்படும்போதுதான் நாம் வாங்கும் தட்டு பிறக்கிறது. பேஸ் எவ்வளவு ஒலிக்க வேண்டும், ஒட்டுமொத்த ஒலி எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்ற முடிவுகள் லாக்கர் வெட்டும் கட்டத்தில் எடுக்கப்படுகின்றன. ப்ளூ நோட் தட்டுகளுக்கு அந்த லாக்கரையும் வான் கெல்டரே வெட்டினார். வெட்டியவுடன் வெற்றுப் பகுதியில் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டார்: தொடக்க ஆண்டுகளில் கையால் கீறியும், பிறகு முத்திரையாகவும், 1962 வாக்கில் இருந்து ‘வான் கெல்டர்’ என்ற முழுப்பெயர் முத்திரையாகவும். ஆகவே உங்களுக்கு வந்த படத்தில் தெரியும் ‘ஆர்.வி.ஜி.’ என்பது அலங்காரமன்று. அந்தத் தட்டின் தடங்கள், இசைக்குழுவின் முன்னால் மைக் வைத்த அதே மனிதர் தாமே வெட்டிய லாக்கரின் வழிவந்தவை என்பதற்கான சான்று அது.

காதுக்குறியின் பொருள் வேறு. ப்ளூ நோட்டின் தட்டுகளை அச்சிட்டது நியூஜெர்சியின் நார்த் பிளெயின்ஃபீல்டில் இருந்த பிளாஸ்டிலைட் என்ற ஆலை. தான் அச்சிடும் தட்டுகளின் வெற்றுப் பகுதியில் அந்த ஆலை தன் பெயரின் முதலெழுத்தான ‘பி’யை வளைவான கையெழுத்தில் பதித்தது, அது பார்வைக்குக் காதைப் போல இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதைக் ‘காது’ என்றே அழைக்கிறார்கள். 1939இல் ஆல்ஃபிரட் லயன் தொடங்கிய, பின்பு அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் சேர்ந்து நடத்திய ப்ளூ நோட் நிறுவனம் 1966இல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்கு விற்கப்பட்டது. அத்தோடு பிளாஸ்டிலைட்டுடனான உறவு முடிந்தது, தட்டுகள் வேறு ஆலைகளில் அச்சாயின, காதும் மறைந்தது. காது இருந்தால் தட்டு 1966க்கு முற்பட்டது. இல்லையென்றால், 1950களின் நடுப்பகுதி முதல் வந்த 12 அங்குல ப்ளூ நோட் தட்டுகளைப் பொறுத்தவரை, அநேகமாகப் பிற்பட்டது. படத்தில் தெரியாமல் போவதும் உண்டு, ஏனெனில் அது மெல்லிய குறி; சாய்வான வெளிச்சத்தில் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படியானால் லிபர்ட்டி காலத்துத் தட்டில் லிபர்ட்டியின் பெயர் இல்லாமல் பழைய லேபிள் எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். நிறுவனம் கைமாறியபோது அச்சிட்டு வைத்திருந்த லேபிள்களும் அட்டைகளும் கட்டுக்கட்டாக மிச்சமிருந்தன. அவற்றை யாரும் குப்பையில் போடவில்லை. வான் கெல்டர் வெட்டிய லாக்கரின் வழிவந்த பழைய உலோக அச்சுகளையே கொண்டு புதிய ஆலையில் தட்டை அழுத்தி, பழைய லேபிளை ஒட்டி, பழைய அட்டையில் போட்டு விற்றார்கள். அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் ‘லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் ஒரு பிரிவு’ என்ற வாசகத்தோடு புதிய லேபிள்கள் வந்தன. உங்களுக்கு வந்திருப்பது இந்த இடைக்காலப் பிரதி என்பதே என் முடிவு. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. லேபிளை மட்டும் பார்ப்பவர்கள் பலரும் நல்ல நம்பிக்கையோடு செய்யும் தவறு இது.

லேபிள் முகவரிகளின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். 1957 வரை ‘767 லெக்சிங்டன் அவென்யூ’. அதன் பிறகு ‘47 மேற்கு 63ஆம் தெரு’. 1961–62 வாக்கில் இருந்து தெருப்பெயர் நீங்கி, வெறும் ‘நியூயார்க், யு.எஸ்.ஏ.’ ‘ப்ளூ ட்ரெய்ன்’ தட்டின் பட்டியல் எண் பி.எல்.பி. 1577. அதன் முதல் அச்சில் 63ஆம் தெரு முகவரி இருக்க வேண்டும்; அதுமட்டுமன்று, நிறுவனப் பெயரின் கீழே ‘இன்க்.’ என்ற சொல்லும், வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவுக்குறியும் இருக்கக் கூடாது. அவ்விரண்டும் 1959 வாக்கில்தான் சேர்க்கப்பட்டன. ஆகவே 63ஆம் தெரு முகவரி இருந்தும் அந்தக் குறிகளும் உடன் இருந்தால் அது முதல் அச்சு அன்று, சில ஆண்டுகளுக்குள் வந்த மறு அச்சு. ஒரு பக்கம் ஒரு முகவரியும் மறுபக்கம் இன்னொரு முகவரியும் கொண்ட தட்டுகள்கூட உண்டு. சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியின் பி.எல்.பி. 1568 அத்தகையது; அதன் இரு பக்க லேபிள்களின் முகவரி வேறுபாட்டை வைத்தே எது முதல் அச்சு என்று சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். லேபிள் என்பது ஒரு காகிதம். ஆலையில் கைக்கு எட்டிய கட்டில் இருந்து எடுத்து ஒட்டப்பட்டது. அதை ஆண்டுக்கணக்குச் சொல்லும் ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம், ஒலிக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

லேபிளின் மீது வட்டமாக ஓடும் ஆழமான பள்ளத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். அது இசையோடு தொடர்பே இல்லாதது. அச்சு இயந்திரத்தின் பழைய உலோகப் பகுதியில் இருந்த வளைய விளிம்பு லேபிளில் பதிந்த தடம், அவ்வளவுதான். 1577இன் முதல் அச்சில் இரு பக்கமும் அது இருக்க வேண்டும். ஆனால் 1961க்குப் பின் புதிய பாகங்களும் பழைய பாகங்களும் ஆலையில் கலந்து பயன்பட்டதால், ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் வெறுமையுமான தட்டுகள் ஏராளம். அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. உள்ளுறையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். 1964இல் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டையும் 1966இல் 27ஆம் ஆண்டையும் குறித்து அச்சிட்ட உள்ளுறைகள் உண்டு; அறுபது ஆண்டுகளில் பல கை மாறிய தட்டில் உறை மாறாமல் இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

மோனோ என்பதற்காகத் தயங்க வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் ஸ்டீரியோதான் உயர்ந்தது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் வான் கெல்டர் ப்ளூ நோட் பதிவுகளுக்கு இரண்டு ஒலிநாடாக் கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டினார்: ஒன்று மோனோ, மற்றொன்று ஸ்டீரியோ. ‘ப்ளூ ட்ரெய்ன்’ அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதன் மோனோ தட்டு மோனோ நாடாவிலிருந்தே வெட்டப்பட்டது. 1958 இறுதிக்குப் பிறகு அவர் ஸ்டீரியோ நாடாவை மட்டுமே வைத்துக்கொண்டு, இரண்டு சேனல்களையும் சேர்த்து மோனோ தட்டை வெட்டினார்; ஆகவே பிற்காலத் தலைப்புகளில் மோனோவுக்காகக் கூடுதல் விலை தருவதற்கு அதே நியாயம் இல்லை. இந்தத் தட்டின் மோனோவில் மூன்று ஊதுகருவிகளும் நடுவே ஒரே திரளாக எழுந்து நிற்கும். பால் சேம்பர்ஸின் பேஸ் அதன் அடியில் உறுதியாக நடக்கும். வான் கெல்டர் பியானோவைப் பதிவு செய்யும் விதம் சற்று ஒடுங்கி ஒலிக்கும் என்று பலர் குறை சொல்வார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் டிரம்பெட்டையும் டெனர் சாக்ஸையும் அவரைப் போல முகத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மிகச் சிலர்.

இனி நிலைமைக்கு வருகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தரக்குறியீட்டில் ‘வி.ஜி. பிளஸ்’ (‘மிக நன்று’ என்பதற்குச் சற்று மேல்) என்று எழுதியிருப்பது பொதுவாகக் கண்ணால் பார்த்துச் சொன்னது. மெல்லிய முடிக்கோடுகள் பல இருந்தும் அமைதியாக ஒலிக்கும் தட்டு உண்டு. கண்ணாடி போல மினுங்கியும் கரகரக்கும் தட்டு உண்டு. நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இருந்து ஒரு மாதச் சம்பளத்துக்கு அருகான தொகை கொடுத்து ஒரு தட்டை வாங்கினேன். படத்தில் ஒரு கீறலும் இல்லை. முள்ளை வைத்தபோது, மெல்லிய பகுதிகள் அழகாக இருந்தன. டிரம்பெட் உயரும் இடங்களில் எல்லாம் தகரத்தைக் கிழிப்பது போன்ற ஓர் இரைச்சல். அது கீறல் அன்று, தடத்தின் தேய்மானம். 1950களின் பல பிளேயர்கள் இன்றைய 2 கிராம் அளவைப் போலப் பல மடங்கு பாரத்தை முள்ளின் மீது ஏற்றின; தேய்ந்த முள்ளோடு நூறு முறை ஓடிய தட்டின் தடச்சுவர் அரிக்கப்பட்டுவிடும். எந்தத் துப்புரவும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

அந்தத் தேய்மானம் முதலில் தெரிவது ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது என்றாலும், வெளி விளிம்பில் முள்ளின் கீழ் விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே இசை பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி எழுதப்படுவதால், உள்தடங்களில் உரத்த ஒலி எளிதில் சிதறும். ஆகவே விற்பவரிடம் தட்டின் தொடக்கத்தை ஒலிக்கவிட்டுக் காட்டச் சொல்வதில் பயனில்லை. முதல் பக்கத்தில் ‘மோமென்ட்ஸ் நோட்டீஸ்’ முடியும் பகுதியையும், இரண்டாம் பக்கத்தில் ‘லேஸி பேர்ட்’ என்ற கடைசிப் பாட்டையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ‘லேஸி பேர்ட்’ பாட்டின் மெட்டை வாசிப்பது லீ மார்கனின் டிரம்பெட். உள்தடத்தில் டிரம்பெட் தெளிவாக ஒலித்தால் மற்றப் பகுதிகளைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு முதலில் கழுவுங்கள். அழுக்கின் ஒலியையும் தேய்மானத்தின் ஒலியையும் கழுவிய பிறகுதான் பிரித்தறிய முடியும். காய்ச்சி வடித்த நீரும், மிகச் சிறிதளவு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், உறிஞ்சி எடுக்கும் இயந்திரமும் வினைலுக்குப் போதும். ஆனால் அதே கரைசலை 78 சுற்று அரக்குத் தட்டுகளின் மீது ஒருபோதும் ஊற்றிவிடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மோனோ தட்டைக் கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோ தடத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பதெல்லாம் தூசியும் தேய்வும். ஸ்டீரியோ முள் அதையும் சேர்த்துப் படித்துவிடுகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்த இரைச்சலில் பெரும்பகுதி தணிவதைக் கேட்டு நீங்களே வியப்பீர்கள். வசதி இருந்தால் தனி மோனோ கார்ட்ரிஜ் (முள் பொருத்தப்பட்ட பகுதி) வாங்குவது இன்னும் நல்லது. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விலையுயர்ந்த தட்டுகள் வாங்குவதைவிட அதையே முதலில் செய்யச் சொல்வேன்.

நம் ஊர் வெப்பத்தில் வினைலுக்கு இரண்டு பகைகள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே தட்டு வளைந்துவிடக்கூடும்; கூரியர் வந்த நாளில் அதை வாங்கி வேறு வேலைக்குச் செல்லாமல் நேரே வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் அட்டையிலும் லேபிளிலும் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டி அடுக்காமல், செங்குத்தாக, காற்றோட்டத்தோடு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது. தடித்த, பளபளப்பான பி.வி.சி. வெளியுறைகள் காலப்போக்கில் தட்டின் மீது மங்கலான படலத்தை ஏற்படுத்திவிடுகின்றன; பாலிஎத்திலீன் உறைகளே பாதுகாப்பானவை.

வேறு வழிகளையும் எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் கிங் நிறுவனம் 1977 முதல் வெளியிட்ட ப்ளூ நோட் மறுபதிப்புகளில் வினைல் மிக அமைதியானது, அட்டையும் ஒழுங்கானது. லாக்கர் வான் கெல்டருடையது அன்று என்பதால் ஒலியின் தன்மை சற்று வேறு. 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசையில் ஜோ ஹார்லியின் மேற்பார்வையில் கெவின் கிரே அசல் நாடாக்களிலிருந்து புதிதாக லாக்கர் வெட்டுகிறார். 2022இல் ‘ப்ளூ ட்ரெய்ன்’ தட்டும் அதில் மோனோவாக வந்தது. வான் கெல்டர் அக்காலத்து எளிய பிளேயர்களில் முள் துள்ளாமல் இருக்கக் கீழ்க்குரல் ஒலிகளைக் கட்டுப்படுத்தி வெட்டினார்; புதிய தட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் பேஸ் இன்னும் ஆழமாக ஒலிக்கிறது. எது ‘சரியானது’ என்ற கேள்விக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. 1957இன் நாடாவில் உள்ளதைக் கேட்க வேண்டுமானால் புதியது. 1958இல் ஒரு நியூயார்க் கடையில் இருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் கேட்டதைக் கேட்க வேண்டுமானால் வான் கெல்டர் வெட்டியது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். அதிகமாக எடுப்பது பழையதைத்தான்.

உங்கள் பிரதியைப் பற்றிய முடிவு இதுதான். நல்ல நிலையில் உள்ள உண்மையான முதல் அச்சு ஏலங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம். காது இல்லாத, ஆனால் வான் கெல்டரின் எழுத்துள்ள 1966 காலத்துப் பிரதிக்கு அதில் ஒரு சிறு பங்குதான் நியாயம். விற்பவருக்கு அதை மரியாதையாக, காரணத்தோடு எழுதுங்கள், காதுக்குறி இருந்தால் காட்டும்படியும் கேளுங்கள். அவர் விலையை இறக்கச் சம்மதித்து, ‘லேஸி பேர்ட்’ ஒலிப்பதிவும் சுத்தமாக இருந்தால், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். தடம் தேய்ந்திருப்பது ஒலிப்பதிவில் தெரிந்தால், நாளை காதுக்குறியே கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தத் தட்டு வேண்டாம்.